நிதி ஆலோசகர்களின் தளங்களில் வரும் வாடிக்கையாளர் பாராட்டுகளை எவ்வளவு நம்பலாம்?

உறையூர்மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா சமீபத்தில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றார். பிஎஃப், கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்த்து 40 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வந்திருக்கிறது. மாமா தனக்குத் தெரிந்த நிதி ஆலோசகர் ஒருவரைச் சொன்னார். "நீயே அவரோட வெப்சைட்டைப் பாரு, எத்தனை பேர் எழுதியிருக்காங்கன்னு" என்றார். உட்கார்ந்து அத்தனையையும் படித்தேன்.

ஐம்பதுக்கு மேல் கருத்துகள் இருக்கின்றன. எல்லாமே ஐந்து நட்சத்திரம். ஆனால் படிக்கப் படிக்க உறுத்தல்தான் அதிகமானது. "எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்ற வரி பல கருத்துகளில் அப்படியே வருகிறது. பெயர்கள் எல்லாம் "எஸ்., சேலம்", "ஆர்., கோவை" என்று முதலெழுத்தோடு நிற்கின்றன. பொறுமை, அன்பு, உடனே போனை எடுப்பது பற்றியெல்லாம் எழுதுகிறார்கள். எதில் முதலீடு செய்தார்கள், ஆலோசகருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒருவர்கூட எழுதவில்லை. கூகுளில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட கருத்துகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் போடப்பட்டவை.

இவை பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். என் கேள்வி வேறு. இவை அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், இதை நம்பி அப்பாவின் பணத்தைக் கொடுக்கலாமா? கொடுப்பதற்கு முன் வேறு எதைப் பார்ப்பது?

பட்டறைக்காரன் (அம்பத்தூர்)

தங்கச்சி, ரொம்ப யோசிக்காதீர்கள். நான் என் ஆலோசகரைக் கூகுள் ரிவ்யூ பார்த்துத்தான் பிடித்தேன். 2019இல் இருந்து அவரிடம்தான் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டதால் நானும் நாலு வரி நல்லபடியாக எழுதிப் போட்டேன். யாரும் காசு கொடுக்கவில்லை, மனதாரத்தான் எழுதினேன். டாக்டரையும் வக்கீலையும் நாலு பேர் சொல்லித்தானே தேடிப் போகிறோம்? எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் பணம் வங்கியிலேயே தூங்கும்.

பேரூர் ஆடிட்டர்

உறையூர்மகள், கருத்துகளை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தளத்தின் அடியில் என்ன பதிவு எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஐஎன்ஏ என்று தொடங்கினால் அவர் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். ஏஆர்என் என்று இருந்தால் அவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். இரண்டும் வேறு வேறு தொழில். முதலாமவருக்கு நீங்கள் கட்டணம் கொடுக்கிறீர்கள். இரண்டாமவருக்கு ஃபண்ட் கம்பெனி கமிஷன் கொடுக்கிறது, அது உங்கள் பணத்தில் இருந்துதான் போகிறது.

நாடு முழுக்கச் செபியிடம் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். விநியோகஸ்தர்கள் லட்சத்துக்கும் மேல். ஆகவே "நிதி ஆலோசகர்" என்று ஊரில் சொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி ஆலோசகர்களே அல்ல. விநியோகஸ்தர்கள் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று செபி 2020இலேயே விதியைத் திருத்திவிட்டது. பலகைகள் மட்டும் மாறவில்லை.

எண் இருந்தால் மட்டும் போதாது. ஐஎன்ஏ எண் என்றால் செபி தளத்தில் அதைத் தேடி, அங்கே வரும் பெயரும் நீங்கள் பணம் கட்டப்போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். அடுத்தவர் எண்ணைத் தன் தளத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

முன்னாள் ஆர்எம்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பெரிய நிதி விநியோக நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் மேலாளராகச் சில வருடங்கள் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே பாராட்டுகள் எப்படிச் சேகரிக்கப்பட்டன என்று நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

யாரும் பொய்யாக எழுதவில்லை. அதற்குத் தேவையே இருக்காது. சந்தை நன்றாக ஏறி, வாடிக்கையாளரின் அறிக்கையில் பச்சை நிறம் தெரியும் மாதங்களில் மேலிடத்தில் இருந்து ஒரு பட்டியல் வரும். அதில் லாபம் 20 சதவீதத்தைத் தாண்டியவர்களின் பெயர்கள் மட்டும் இருக்கும். அவர்களுக்குப் போன் செய்து, "சார், எங்க சேவை எப்படி இருக்கு, ஒரு ரெண்டு வரி போடுங்களேன்" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்ப வேண்டும். என்ன எழுதுவது என்று தயங்குகிறவர்களுக்கு மாதிரி வாசகங்கள் நாலைந்து தயாராக இருக்கும். ஒட்டிவிட்டுப் பெயரைப் போட்டால் முடிந்தது. நீங்கள் பார்த்த அந்த "வீட்டுப் பிள்ளை" வரியும் அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வீடியோ எடுப்பது இன்னொரு கலை. தீபாவளிக்கு முன்னால் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்குப் போவோம். கூடவே கேமராவோடு ஒரு பையன் வருவான். ஹாலில் சாமி படங்கள் தெரிகிற மாதிரி உட்கார வைப்போம். பெரியவர் பேசும்போது "அந்த ஃபண்ட் ஒண்ணு கொஞ்சம் இறங்கிப் போச்சு, ஆனா பரவாயில்லை" என்று சொன்னால் அந்த இடம் வெட்டப்படும். "என் பையன் மாதிரி பாத்துக்கிறாங்க" என்கிற இடம் மட்டும் மிஞ்சும். பேசியவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொன்னதில் பாதிதான் வெளியே போகிறது.

2020 ஜனவரியில் 12,300ஐ ஒட்டி இருந்த நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடு மார்ச்சில் 7,600 வரை விழுந்தது. அந்த மாதம் எங்களிடம் யாரும் பாராட்டு கேட்கச் சொல்லவில்லை. அடுத்த வருடம் அக்டோபரில் அது 18,000ஐத் தாண்டியபோது வாரம் இத்தனை என்று இலக்கே கொடுத்தார்கள். உங்கள் ஆலோசகரின் கருத்துகளில் தேதியைப் பாருங்கள். 2021, அப்புறம் 2023, 2024 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்த வருடங்களில் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் கண்ணை மூடிக்கொண்டு போட்டவருக்கும் பணம் பெருகியது.

உறையூர்மகள்

முன்னாள் ஆர்எம் சார், இப்போது தேதிகளைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. 2021இன் பின்பாதியில் ஒரு கொத்து, 2024இல் ஒரு கொத்து. 2020இல் ஒன்றுகூட இல்லை. பேரூர் ஆடிட்டர் சார், அடியில் இருப்பது ஏஆர்என். ஆனால் தளத்தின் தலைப்பில் "செல்வ மேலாண்மை ஆலோசகர்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

ஓய்வாசிரியை (தஞ்சாவூர்)

நானும் ஒரு தளத்தில் இருக்கிறேன், படத்தோடு. அதனால் சொல்கிறேன்.

என் கணவர் இறந்த பின் வந்த பணத்தைப் போட்டுவைக்க வங்கிக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பையன் அவ்வளவு மரியாதையாகப் பேசினான். தண்ணீர் கொடுத்தான், படிவங்களை அவனே நிரப்பினான், வாரிசுச் சான்றிதழ் வாங்க எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தான். ஒரு மாதம் கழித்து, "அம்மா, எங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டபோது மனம் நிறைந்து சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

ஒரே தடவை கட்டினால் போதும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது பத்து வருடம் கட்ட வேண்டிய காப்பீடு என்று அடுத்த வருடம் பிரீமியம் நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது. ஓய்வூதியத்தில் இருந்து அவ்வளவு பெரிய தொகையை வருடா வருடம் எப்படிக் கட்டுவது? பையன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். பாலிசி ஆவணத்தைப் படித்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு எப்போதோ முடிந்திருந்தது. கட்டியதில் பெரும்பகுதி போய்விட்டது.

என் படத்தையும் பேச்சையும் எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது. என்னைப் போல ஒருத்தி அதைப் பார்த்து நம்பிப் போய் உட்கார்ந்துவிடுவாளோ என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடுவதில்லை. அந்தப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாத நாளில் நான் கொடுத்த சான்று அது, அம்மா. அந்தப் பையனின் மரியாதை மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தெரியும்.

பேரூர் ஆடிட்டர்

அம்மா, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் பேச்சை எடுத்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், என் அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன் என்று. வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரு நகல் போகட்டும். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்க இன்னும் காலம் இருக்கிறதா என்பதைத் தேதிகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு விவரம்: பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முன்பு 15 நாள், 2024இல் இருந்து 30 நாள். பாலிசி கையில் வந்த அன்றே பிரீமியம் எத்தனை வருடம் என்ற ஒரு வரியை மட்டுமாவது தேடிப் படித்துவிடுங்கள்.

புள்ளிக்கணக்கு

உண்மையான பாராட்டே எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. 3,200 பேர் இருக்கும் டெலிகிராம் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடத்துகிறவர் பாதிப் பேருக்கு "இந்தப் பங்கு நாளைக்கு ஏறும்" என்றும் மீதிப் பேருக்கு "இறங்கும்" என்றும் அனுப்புகிறார். எது பலித்ததோ அந்த 1,600 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மறுநாள் திரும்பவும் அதையே செய்கிறார். 800, 400, 200, 100. ஐந்தாம் நாள் முடிவில், தொடர்ந்து ஐந்து முறை சரியாகச் சொன்ன மேதையாக அவரைப் பார்க்கும் 100 பேர் இருப்பார்கள். அந்த 100 பேரும் கோயிலில் சத்தியம் செய்து சாட்சி சொல்வார்கள், ஒருவர்கூடப் பொய் சொல்லியிருக்க மாட்டார். மீதி 3,100 பேரின் குரல் எந்தப் பக்கத்திலும் வராது.

இது கற்பனைக் கணக்கு. நிஜம் இதைவிட மோசம். எஃப் அண்டு ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர ஒப்பந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வு சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அப்படியானால் எந்தப் பயிற்சி வகுப்பை எடுத்துக்கொண்டாலும் 100 பேரில் ஏழெட்டுப் பேர் லாபத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஏழு பேரின் ஸ்கிரீன்ஷாட்டுகள்தான் விளம்பரம்.

'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் யூடியூபில் பிரபலமான முகமது நசிருதீன் அன்சாரி மீது 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. வகுப்புக் கட்டணமாகத் திரட்டிய 17 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை முடக்கச் சொன்னார்கள். அந்த உத்தரவில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: லாபத்தை மட்டும் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தவரின் சொந்த வணிகக் கணக்கு 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை 2.89 கோடி ரூபாய் நஷ்டத்தில் இருந்தது. அவரைப் பின்தொடர்ந்தவர்கள் போட்ட பாராட்டுகளைப் படித்த யாருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை.

பட்டறைக்காரன் (அம்பத்தூர்)

ஆப்ஷன் விளையாட்டையும் மியூச்சுவல் ஃபண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். என் ஆள் டிப்ஸ் கொடுக்கிறவர் இல்லை. ஆசிரியை அம்மாவுக்கு நடந்தது அநியாயம், படித்து மனம் கனத்துவிட்டது. ஆனால் அதற்காக எல்லோரும் அப்படி என்று ஆகிவிடாது.

ஜெர்சி சிட்டி

இந்த விவகாரத்துக்கு அமெரிக்காவில் பெரிய வரலாறே இருக்கிறது. இங்கே முதலீட்டு ஆலோசகர்கள் தங்கள் விளம்பரத்தில் வாடிக்கையாளர் பாராட்டைப் போடவே கூடாது என்று 1961இல் இங்குள்ள பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி விதி கொண்டுவந்தது. ஏறக்குறைய அறுபது வருடம் அது அப்படியே இருந்தது. காரணம் எளிது. திருப்தியான வாடிக்கையாளரை மட்டும்தான் ஆலோசகர் முன்னால் நிறுத்துவார், பார்க்கிறவர் அதை எல்லோருடைய அனுபவமாக எடுத்துக்கொள்வார்.

2020 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். 2022 நவம்பர் முதல் எல்லோரும் புதிய விதியைப் பின்பற்ற வேண்டும். இப்போது பாராட்டுகளைப் போடலாம், ஆனால் சொல்பவர் வாடிக்கையாளரா, அதற்காக அவருக்குப் பணமோ சலுகையோ கிடைத்ததா, அவருக்கு வேறு ஏதாவது ஆதாயம் இருக்கிறதா என்பதைப் பாராட்டுக்குப் பக்கத்திலேயே தெளிவாகக் காட்ட வேண்டும். 12 மாதத்தில் 1,000 டாலருக்கு மேல் கொடுத்தால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். காசு கொடுத்துப் பொய் ரிவ்யூ வாங்குவதையும் விற்பதையும் தடை செய்து, வணிக ஆணையமான எஃப்டிசி தனியாக ஒரு விதி போட்டது. அது 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் இந்த விதிகள் எதனாலும் பிடிக்க முடியாத ஆள், மிகப் பெரிய முதலீட்டு மோசடி செய்த பெர்னார்ட் மேடாஃப். அவர் விளம்பரமே செய்யவில்லை. அவருடைய வாடிக்கையாளர்களே ஆள் சேர்த்தார்கள். "அவர் எல்லோரையும் எடுத்துக்கொள்ள மாட்டார், நான் வேண்டுமானால் சொல்லிப் பார்க்கிறேன்" என்று நண்பர்களிடமும் கோயில், கிளப் வட்டாரங்களிலும் பேச்சு பரவியது. மாதம் சுமார் ஒரு சதவீதம், ஏற்ற இறக்கமே இல்லாமல், வருடக்கணக்கில். அறிக்கை தவறாமல் வந்தது, கேட்டபோது பணமும் வந்தது. அத்தனை பேரும் உண்மையாகத்தான் புகழ்ந்தார்கள். ஹாரி மார்கோபோலஸ் என்ற நிதி ஆய்வாளர் மட்டும் எந்த வாடிக்கையாளரின் பேச்சையும் கேட்காமல் கணக்கைப் பார்த்தார். இப்படி ஒரு லாபம் இந்த முறையில் வரவே முடியாது என்று 2000இல் இருந்து எஸ்இசிக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 2008 டிசம்பரில் மேடாஃப் கைதானபோது காகிதத்தில் இருந்த தொகை சுமார் 65 பில்லியன் டாலர். அறிக்கையில் இருந்த வர்த்தகங்கள் நடக்கவே இல்லை.

காஞ்சி நெசவு

அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்? ஆருத்ரா கோல்டு டிரேடிங்கில் எங்கள் பக்கத்தில் எத்தனை குடும்பம் போனது என்று எங்களுக்குத் தெரியும். மாதம் 25 முதல் 30 சதவீதம் என்றார்கள். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரிடம் இருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து எங்கள் தெருவில் யாரும் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு வந்த பணத்தை எடுத்துக் காட்டினார், அதைப் பார்த்துத்தான் போனார்கள். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவருக்கு நிஜமாகவே நாலு மாதம் வந்தது. அவரும் எல்லாவற்றையும் இழந்தார். இன்றைக்குத் தெருவில் அவரால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அவருடைய வாயைத்தான் அந்தக் கம்பெனி விளம்பரப் பலகையாகப் பயன்படுத்தியது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கட்டண ஆலோசகர்

நான் செபியிடம் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். மதுரைப் பக்கம் தனியாக நடத்துகிறேன். மறுபக்கத்தையும் சொல்லவேண்டியது என் கடமை.

எங்களைப் போன்ற தனி ஆட்களுக்கு விளம்பரச் செலவுக்குப் பணம் கிடையாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதுதான் தொழிலே. செபியின் 2023 விளம்பர விதிகளின்படி "நம்பர் 1", "சிறந்த" என்றெல்லாம் போடக் கூடாது, கடந்த கால லாபத்தை இஷ்டத்துக்குக் காட்டக் கூடாது, தவறாக வழிநடத்தும் வாடிக்கையாளர் கருத்துகளும் கூடாது. அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறவரின் தளம் வெறிச்சோடிக் கிடக்கும். பதிவே இல்லாதவர் லாபம் ஏறுவதைப் பளபளவென்று கோடு போட்டுக் காட்டுவார். மக்கள் அங்கே போகிறார்கள். இந்த வேதனை எங்களுக்கு இருக்கிறது.

அதனால் பாராட்டு என்றாலே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் வாடிக்கையாளர் ஒருவர், நான் அவரை ஒரு பாலிசியில் இருந்து வெளியே கொண்டுவந்ததைப் பற்றிக் கூகுளில் எழுதியிருக்கிறார். எந்த வகைப் பாலிசி, எவ்வளவு இழப்போடு வெளியேறினார், எனக்கு எவ்வளவு கட்டணம் கொடுத்தார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நான் கேட்டு எழுதியது இல்லை. அப்படி விவரத்தோடு ஒரு கருத்து இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு என்றுதான் சொல்வேன்.

முன்னாள் ஆர்எம்

சார், உங்கள் கருத்தோடு பாதி ஒத்துப்போகிறேன். விவரம் இருந்தால் மதிப்பு உண்டு. ஆனால் அந்த விவரத்துக்காவது வாடிக்கையாளர் சாட்சியாக இருக்க முடியுமா என்பதே என் சந்தேகம். போனை எடுத்தாரா, மரியாதையாகப் பேசினாரா, ரசீது கொடுத்தாரா என்பதற்கு அவர் சாட்சி. கொடுத்த ஆலோசனை சரியா என்பதற்கு அவர் எப்படிச் சாட்சி ஆவார்? அது தெரிந்திருந்தால் அவருக்கு ஆலோசகரே தேவையில்லையே. டாக்டரிடம் போனால் காய்ச்சல் விட்டதா இல்லையா என்று நாலு நாளில் தெரிந்துவிடும். நிதியில் பதினைந்து வருடம் ஆகும், அதுவும் வேறு எதில் போட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று யாராவது ஒப்பிட்டுக் காட்டினால்தான் உண்டு.

உறையூர்மகளின் 40 லட்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் 10 சதவீதம் வளர்ந்தால் 15 வருடத்தில் சுமார் 167 லட்சம். செலவு ஒரு சதவீதம் கூடி, கையில் நிற்பது 9 ஆனால் சுமார் 146 லட்சம். 21 லட்சம் வித்தியாசம். ஒன்பதில் நிற்பவரும் "என் பணம் மூன்றரை மடங்கு ஆனது, தெய்வம் மாதிரி" என்றுதான் எழுதுவார். அவர் பார்வைக்கு அது உண்மை.

கட்டண ஆலோசகர்

அதை மறுக்க முடியாது. கட்டணமோ கமிஷனோ கொடுத்ததற்கு மதிப்பு கிடைத்ததா என்பதை வாடிக்கையாளரால் சுலபமாக அளக்க முடியாது. என் வாடிக்கையாளர்களாலும் முடியாது, அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, உறையூர்மகள், நீங்கள் கேட்டது வேறு எதைப் பார்ப்பது என்று. செபியிடம் பதிவு பெற்றவர் என்றால் மாதந்தோறும் வந்த புகார், தீர்த்த புகார், நிலுவை என்று ஒரு அட்டவணையைத் தன் தளத்தில் போட்டாக வேண்டும். பெரும்பாலும் அடியில் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் கிடக்கும், யாரும் சொடுக்கிப் பார்ப்பதில்லை. ஐம்பது பாராட்டைப் படிக்கும் நேரத்தில் அதைப் படியுங்கள். அடுத்து, பெயரை மறைத்துவிட்டு, வேறொருவருக்குத் தயாரித்த திட்ட அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உங்கள் அப்பாவின் மருத்துவச் செலவு, அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டா இல்லையா என்பது மாதிரியான கேள்விகள் இருக்கிறதா, இல்லை ஃபண்டுகளின் பெயர் மட்டும் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இன்னொன்றும் கேளுங்கள்: "உங்களை விட்டுப் போன வாடிக்கையாளர்கள் யாராவது இருக்கிறார்களா, ஏன் போனார்கள்?" தொழிலில் பத்து வருடம் இருப்பவரை நாலு பேராவது விட்டுப் போயிருப்பார்கள். என்னையும் விட்டுப் போயிருக்கிறார்கள், அதில் ஒருவர் போனதற்குக் காரணம் என் தாமதம்தான். யாருமே போகவில்லை என்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

உறையூர்மகள்

நேற்று அப்பாவோடு அவரைப் போய்ப் பார்த்தோம். மாமாவும் வந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மரியாதையான மனிதர்தான், அதில் சந்தேகம் இல்லை. "சார், உங்களுக்கு வருமானம் எப்படி வருகிறது?" என்று கேட்டேன். "உங்ககிட்ட ஒரு பைசா வாங்க மாட்டோம்மா, எல்லாமே இலவச சேவை" என்றார். விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் போட்டுத் தருவீர்களா, தனியாகக் கட்டணம் தருகிறோம் என்றேன். அது எங்களிடம் இல்லை, அதில் போட்டால் பின்னால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது என்றார். மாதிரித் திட்ட அறிக்கை கேட்டதற்கு, ஒரு பக்கத் தாளில் ஆறு ஃபண்டுகளின் பெயரும் அவற்றின் மூன்று வருட லாபமும் போட்டது ஒன்றைக் காட்டினார். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அம்மாவுக்குத் தனி வருமானம் இல்லை. இதையெல்லாம் அவர் கேட்கவே இல்லை.

யாராவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று கேட்டபோது மாமா என்னை முறைத்தார். அவர் சிரித்துக்கொண்டே, "நம்மகிட்ட வந்தவங்க யாரும் போனதில்லம்மா, வெப்சைட்டைப் பாருங்க" என்று சொல்லி ஃபோனை எடுத்து அந்தக் கருத்துகளையே திரும்பவும் காட்டினார்.

அப்பா வெளியே வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நம்மளப் பத்தி ஒண்ணும் கேக்கலையே." இப்போதைக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம் என்பதால் அதைத் தொடங்கப் போகிறோம். மீதியை அவசரப்படாமல், கட்டணம் வாங்கும் ஆலோசகர் ஒருவரிடம் பேசிய பிறகு முடிவு செய்யலாம் என்று இருக்கிறோம். மாமாவுக்கு வருத்தம்தான்.

பட்டறைக்காரன் (அம்பத்தூர்)

தங்கச்சி, நீங்கள் சொன்ன அந்த "ஒரு பைசா வாங்க மாட்டோம்" என் ஆளும் சொன்னதுதான். அதைப் படித்ததில் இருந்து மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆடிட்டர் சார், அவருக்கு என் பணத்தில் இருந்து எவ்வளவு போகிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பேரூர் ஆடிட்டர்

உங்களுக்கு வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை, அதாவது சிஏஎஸ், இருக்கிறதல்லவா? மாதாமாதம் வருவது அல்ல, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருவதைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் நேராக, விநியோகஸ்தருக்குக் கொடுத்த கமிஷன் ரூபாயில் இருக்கும். 2016இல் இருந்து இதைக் காட்டியாக வேண்டும் என்பது செபி விதி. மின்னஞ்சலில் தேடினால் கிடைக்கும், கடவுச்சொல் பெரும்பாலும் உங்கள் பான் எண்தான். அதைக் கூட்டிப் பார்த்தால் போதும்.

பார்த்த வேகத்தில் எல்லாவற்றையும் விற்று டைரக்ட் பிளானுக்கு மாற்றிவிடாதீர்கள். பங்கு ஃபண்டுகளில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேல் போனால் 12.5 சதவீதம் வரி. மாற்றுவதாக இருந்தால் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம்.

பட்டறைக்காரன் (அம்பத்தூர்)

பார்த்துவிட்டேன் சார். ஆறு மாதத்துக்கு 7,900 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வருடம் கிட்டத்தட்ட 16,000. என் சேமிப்பு மொத்தம் 18 லட்சம். இத்தனை வருடமாக இந்தத் தாள் என் மின்னஞ்சலிலேயே கிடந்திருக்கிறது.

அவரிடமே போய்க் கேட்டேன். முதலில் கொஞ்சம் தடுமாறினார், அப்புறம் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். அவரை விட்டு விலகப் போவதில்லை. 2020 மார்ச்சில் நான் பயந்து எல்லாவற்றையும் விற்கக் கிளம்பியபோது பட்டறைக்கே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசித் தடுத்தவர் அவர். அந்த ஒரு மணி நேரம் 16,000க்கு மேல் பெறும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அது எனக்குப் பெறும், என் ரிவ்யூவைப் படித்துவிட்டு வருகிறவருக்குப் பெறுமா என்று தெரியாதல்லவா? அதனால் கூகுளில் நான் போட்டிருந்ததை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது அங்கே இருப்பது இதுதான்:

"2019 முதல் இவரிடம் இருக்கிறேன். இவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், செபியிடம் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. சேவை இலவசம் இல்லை, என் 18 லட்சத்தில் இருந்து வருடம் சுமார் 16,000 ரூபாய் கமிஷனாக இவருக்குப் போகிறது. அதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். 2020 மார்ச்சில் விற்காமல் தடுத்தார், அது எனக்கு நன்மையாக முடிந்தது. இவர் சொன்ன ஃபண்டுகள் நல்லவையா என்று சொல்ல எனக்குத் தெரியாது. இந்தக் கருத்தை முதலில் நான் எழுதியது இவர் கேட்டதால். இப்போது மாற்றி எழுதியது யாரும் கேட்டதால் அல்ல."

நட்சத்திரம் ஐந்தில் இருந்து நான்காக்கியிருக்கிறேன்.

ஓய்வாசிரியை (தஞ்சாவூர்)

தம்பி, இதை அப்படியே எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நான் போடப்போகும் பதிவுத் தபாலில், என் பேச்சை எடுக்க முடியாது என்றால் அதற்குக் கீழே இந்த மாதிரி ஒரு பத்தியையாவது சேர்க்கச் சொல்லி எழுதப் போகிறேன்.